ஏழுக்குப் பதினேழு

அக்கா பரீட்சை அறையிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவிட்டாளாம். எனக்கு இதைச் சொன்னது ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. அவளுக்குச் சொன்னது அவளுடைய தையற்காரி. தையற்காரிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "ஊரே பேசுது, உனக்குத்தான் தெரியல" என்றாள் அண்ணி. கடல் தாண்டி என் காதுக்கு வருவதற்குள் செய்திக்குக் கையும் காலும் முளைத்திருந்தன. விகிதக் கணக்கைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை நடுங்கியதாம். தாளைக் கசக்கினாளாம். கண்காணிக்க நின்றவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம், அதையும் தட்டிவிட்டாளாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அக்கா சண்டையைக்கூடப் பாதியில் விடுகிறவள் இல்லை, முடித்துவிட்டுத்தான் படுப்பாள். ஆனாலும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வேலையிடத்தில் மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு அத்தானைக் கூப்பிட்டேன். அவர் பேருந்து ஓட்டுநர். வண்டி நிற்கிற நேரம் பார்த்துத்தான் பேச முடியும். "அதெல்லாம் ஒன்னுமில்லம்மா, முழுசா எழுதிட்டுத்தான் வந்தா" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கப்புறம்தான் எல்லாம்" என்றார். மீதியை அவரிடம் கொஞ்சம், அக்கா மகளிடம் கொஞ்சம், கடைசியில் அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வதந்தி முழுப் பொய்யும் இல்லை. அவள் விலகிப் போனது நிஜம். இடமும் நாளும்தான் வேறு.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவில் இருக்கிறாள். தரைத்தளத்துக்கும் கீழே, சலவை அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. கிருமிநாசினி நீல டிரம்களில் அங்கேதான் வந்து இறங்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கலந்து, கேன்களில் நிரப்பி, மாடி மாடியாக அனுப்புவது அவள் வேலை. அங்கே யாரும் கிருமிநாசினி என்று வாய் வலிக்கச் சொல்வதில்லை, 'மருந்து' என்பார்கள். கழிவறைக்கு ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஒரு குவளை மருந்துக்கு இரண்டு குவளை தண்ணீர். நடைபாதைக்கு ஒன்றுக்கு மூன்று. அந்த வேலைக்கு வந்த முதல் வருஷத்திலேயே அவளுக்குக் 'கலவை' என்று பெயர் விழுந்துவிட்டது. "கலவையைக் கூப்பிடு" என்றால் அவள் வந்து நிற்பாள். முதலில் கோபப்பட்டாள். பிறகு அவளே தொலைபேசியில், "ஹலோ, கலவை பேசுறேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது போலவே மருந்தும் ஒட்டிக்கொண்டது. முதலில் விரல் இடுக்குகளில் தோல் வெடித்தது. கையுறை போட்டால் கை வேர்த்து இன்னும் எரியும். போடாவிட்டால் கேட்கவே வேண்டாம். பிறகு இருமல். அதே மருத்துவமனையின் மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த அறையை விட்டு வெளியே வராதவரை என்ன மாத்திரை கொடுத்தும் புண்ணியமில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வர ஒரே வழிதான். மேற்பார்வையாளர் ஆகிவிட்டால் மாடிகளைச் சுற்றிப் பார்ப்பதும் ஆட்களைப் பிரித்து அனுப்புவதும்தான் வேலை. டிரம் பக்கம் போக வேண்டாம். அதற்கு எழுத்துத் தேர்வு, தேறினால் செய்முறைத் தேர்வு. வயது வரம்பு ஒன்றும் உண்டு. அடுத்த பிறந்தநாள் வந்துவிட்டால் அக்கா விண்ணப்பமே போட முடியாது. ஆக, இந்த ஒரு தடவைதான். இதில் தவறினால் இருமிக்கொண்டே அந்த அறையில் கிடக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

எழுத்துத் தேர்வில் பாதி சுகாதார விதிகள். அது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. மீதிப் பாதி கணக்கு: சதவீதம், சராசரி, விகிதம், கலவை. 'கலவை' என்ற தலைப்பைப் பார்த்ததும், "என் பேர்ல ஒரு பாடமே இருக்குடி" என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. தோல் உரிந்த கட்டைவிரலும் தெரியும்.

சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவள் மகளுக்கு. வணிகவியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண். கெட்டிக்காரி, ஆனால் பொறுமை என்ற சரக்கு அவள் கடையில் கிடையாது. சாயங்காலங்களில் சமையலறை மேடையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் மல்லுக்கு நிற்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தொலைபேசியில் அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு பால்காரர் நாற்பது லிட்டர் பாலிலிருந்து நாலு லிட்டர் எடுத்துவிட்டு அந்த அளவு தண்ணீரை ஊற்றுகிறார், மறுபடியும் அதையே செய்கிறார், மிச்சம் எவ்வளவு பால் என்பது கணக்கு.

"எடுத்த பாலை என்னடி பண்ணான்?"

"அது கணக்குல இல்லம்மா."

"அதெப்படி இல்லாமப் போகும்? நாலு லிட்டர் பால். வீட்டுக்குக் கொண்டுபோனானா, வேற எவனுக்காவது ஊத்தினானா?"

"பாலை விடும்மா. தண்ணியைப் பாரு."

"தண்ணி ஊத்துறவன நான் எதுக்குப் பாக்கணும்? போலீஸ் பாக்கட்டும்."

அப்பாவின் வயதும் மகனின் வயதும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கு வந்தபோது, பெற்ற அப்பனின் வயது தெரியாதவனுக்கு விகிதம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அத்தான் சும்மா இருக்காமல், நம்ம ரெண்டு பேர் வயசு விகிதம் என்ன என்று வாயைக் கொடுத்தார். "வயசு வருஷா வருஷம் மாறுதுங்க. புத்திதான் கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே விகிதம்" என்றாள் அக்கா. தொலைபேசியின் இந்தப் பக்கம் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

சிரிப்புக்கு நடுவே படிக்கவும் செய்தாள். பால்காரரைத் திட்டிக்கொண்டே அவர் கணக்கைப் போட்டுவிட்டாள். நானும் இந்தக் கணக்குகளை முதலில் தமிழிலும் பிறகு இன்னொரு மொழியிலும் படித்தவள்தான். அந்த மொழியில் விகிதம் என்றால் எனக்கு இரண்டு எண்ணும் நடுவில் இரண்டு புள்ளியும் மட்டுமே தெரியும். 'ஒன்றுக்கு இரண்டு' என்று தமிழில் சொன்னால் உடனே ஒரு பாத்திரம் கண்முன் வந்து நிற்கிறது. அக்காவுக்கு எப்போதுமே பாத்திரம்தான். அது அவளுக்கு உதவியது. கடைசியில் அதுதான் காலையும் வாரியது.

தேர்வு முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்ததாம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "கடைசிப் பக்கத்துல நம்ம ரூமையே கேட்டுட்டாங்கடி" என்றாளாம் மகளிடம். இரண்டு கேன்கள். ஒன்றில் மருந்தும் தண்ணீரும் ஒன்றுக்கு இரண்டு. மற்றதில் ஒன்றுக்கு மூன்று. இரண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றினால் என்ன விகிதம்? அக்கா பேனாவை வைத்து யோசிக்கக்கூட இல்லை. பணிமாற்றத்தின்போது தொடாமல் மீந்துபோன இரண்டு கேன்களையும் ஒன்றாகக் கொட்டி வெளிச் சாக்கடைக்கு அனுப்புவது அவள் தினமும் செய்கிற வேலை. டிரம்மில் என்ன இருக்கிறது என்று பலகையில் எழுத வேண்டும். ஒன்றும் ஒன்றும் இரண்டு குவளை மருந்து. இரண்டும் மூன்றும் ஐந்து குவளை தண்ணீர். இரண்டுக்கு ஐந்து. அப்படித்தான் எழுதுவாள், அது சரியும்கூட. நான்கு விடைகளில் இரண்டுக்கு ஐந்து என்பதும் இருந்தது. டிக் அடித்துவிட்டாள்.

மகள் கேட்டாளாம், "ரெண்டு கேனும் ஒரே அளவுன்னு போட்டிருந்தானா?"

"ஆமா, போட்டிருந்தான். அதனால என்ன?"

மகள் பேச்சை மாற்றப் பார்த்தாள். அக்கா விடவில்லை. அப்புறம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அக்காவின் அறையில் ஒரு குவளைக்கு இரண்டு என்று ஊற்றினால் கேனில் மூன்று குவளை இருக்கும். ஒன்றுக்கு மூன்று ஊற்றினால் நான்கு குவளை. ஒன்று கொஞ்சம் குறைவாக நிற்கும், மற்றது கொஞ்சம் கூடுதலாக. அங்கே குவளைகளை அப்படியே கூட்டலாம். கேள்வித்தாளில் இருந்த கேன்களோ ஒரே அளவு, இரண்டும் விளிம்பு வரை நிறைந்தவை. அங்கே கூட்டல் செல்லாது.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. மேடை மேலேயே பஞ்சாயத்து நடந்தது. ஒரே மாதிரி இரண்டு தண்ணீர்ப் பாத்திரங்கள், பன்னிரண்டு கோப்பை பிடிப்பவை. பாத்திரம் கழுவுகிற பச்சைத் திரவத்தை மருந்தாக வைத்துக்கொண்டார்கள். முதல் பாத்திரத்தில் நாலு கோப்பை மருந்து, எட்டு கோப்பை தண்ணீர். இரண்டாவதில் மூன்று கோப்பை மருந்து, ஒன்பது கோப்பை தண்ணீர். அளந்து ஊற்றியது அக்காவேதான். கோப்பை விஷயத்தில் மகளை அவள் நம்பமாட்டாள். கூட்டிப் பார்த்தாள். ஏழுக்குப் பதினேழு. மறுபடி கூட்டினாள். அந்த ஏழுக்குப் பதினேழும் நான்கு விடைகளில் ஒன்றாக இருந்தது என்றும், இப்படி அசிங்கமாக ஒரு விடை இருக்குமா என்று அதைத்தான் முதலில் தள்ளிவிட்டதாகவும் பிறகு என்னிடம் சொன்னாள்.

மகள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளே இன்று அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறாள். "தினமும் பண்ற வேலையிலயே இப்படின்னா, மத்த கணக்கெல்லாம் என்ன லட்சணத்துல போட்டிருப்ப?" என்று கேட்டுவிட்டாள். நாக்கில் சனி. வேலை கிடைக்காத எரிச்சல் அவளுக்கு. அது இந்த வழியாக வந்து கொட்டியது.

அக்கா பாத்திரங்களைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். பச்சைத் திரவத்தை வீணாக்காமல் அதைக் கொண்டே இருக்கிற பாத்திரங்களையெல்லாம் கழுவினாள். நுரை அடங்கவே வெகுநேரம் ஆனதாம்.

மறுநாள் அறைக்குப் போனதும் கூட வேலை பார்ப்பவர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: பரீட்சைப் பேச்சை எடுக்கக் கூடாது, எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவள் கோபம் அங்கே பிரசித்தம் என்பதால் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். தேறியவர்களின் பெயர்களைத் துப்புரவுப் பிரிவின் அதிகாரி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அம்மாள், காலைப் பணிக்கு ஆட்கள் கூடும் முற்றத்தில் நின்று வாசித்தார். அக்கா அன்றைக்கு முற்றத்துக்குப் போகவில்லை. கீழே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு டிரம் உருட்டிக்கொண்டிருந்தாள். காற்றை வெளியே தள்ளுகிற அந்தப் பழைய விசிறி ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மூன்றாவதாக வாசித்தது அவள் பெயர்.

கூட எழுதித் தேறிய இன்னொருத்தி உண்டு, கண்ணாடிக்காரி என்பார்கள். அக்காவுக்கு விஷயம் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். மத்தியானம் கேன் வாங்க வந்தவள் மெதுவாக, "என்னக்கா, செய்முறைக்குத் தயாரா?" என்று கேட்டாள். தன்னைத் தோற்றவள் என்று குத்திக்காட்டுகிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. "பேசாதேன்னு சொன்னேன்ல" என்று கேனை நங்கென்று வைத்தாள். கண்ணாடிக்காரி போய்விட்டாள். வெளியே போய், கலவைக்குப் பயம் வந்துவிட்டது, செய்முறைக்கு வரமாட்டாள் போல என்று இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாள். தையற்காரியின் செய்திக்கு அதுதான் விதை என்று நினைக்கிறேன்.

செய்முறைத் தேர்வு நடந்ததே அக்காவின் அறையில்தான். வேறு எங்கே நடக்கும்? காலையில் மேடத்தின் உதவியாளர் வந்து, கேன்களும் குவளைகளும் எடுத்து வைக்கச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினாள். ஒரு குவளையில் அளவுக்கோடு மங்கியிருந்தது. வருகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று அதை ஒதுக்கிவிட்டு, கோடு பளிச்சென்று தெரிகிற வேறொன்றை அலமாரி மேலிருந்து எடுத்து வைத்தாள். மேசையைத் துடைத்தாள். பிறகு உதவியாளரிடம், இன்றைக்கு மட்டும் தன்னை மேல் மாடிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். தேறியவர்கள் தன் அறையில் வந்து நின்று கலக்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. எத்தனையோ பேர் இருக்கிற பிரிவு. தேர்வுக்கு வர வேண்டியவளே இவள் என்பது உதவியாளருக்குத் தெரியவில்லை. சரி போம்மா என்றார்.

அவள் மேல் மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் துடைத்து வைத்த மேசைக்கு முன்னால் நின்று மேடம் அவள் பெயரைக் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்டதாகக் கண்ணாடிக்காரி சொன்னாள். வரவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் லிஃப்ட்டில் மேடத்தோடு போக நேர்ந்தது. "ஏம்மா வரல? எழுத்துல நல்லாத்தானே பண்ணியிருந்தே" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே. அக்கா கேட்டது ஒன்றுதான்: "நான் பாஸா மேடம்?" அவர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருடைய மாடி வந்துவிட்டது. அன்றைக்கு என்ன கேட்டார்கள் என்று அவர் இறங்கும்போது அக்கா கேட்டாளாம். ஒன்றுக்கு இரண்டாக இருக்கிற கலவையை ஒன்றுக்கு மூன்றாக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னார். மூன்று குவளைக்கு ஒரு குவளை. காலையில் கண்ணைத் திறக்காமலே அவள் செய்கிற வேலை. கதவு மூடிக்கொண்டது. அக்கா இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டேயிருந்திருக்கிறாள். கடைசியில் லிஃப்ட்காரர், "எந்த மாடிம்மா?" என்று கேட்டுத்தான் வெளியே வந்தாள்.

இதை அவள் எனக்குச் சொன்னபோது அழவில்லை. இருமல்தான் நடுநடுவே வந்தது.

"ஒரு கணக்கு தப்புடி. ஒன்னே ஒன்னு. மத்தது எல்லாத்துக்கும் நானே முட்டை போட்டுக்கிட்டேன்" என்றாள்.

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மேடத்திடம் போய்ப் பேசு, நடந்ததைச் சொல், மனிதர்தானே அவரும் என்றேன். "என்னன்னு போய்ச் சொல்ல? என் பேரைக் கூப்பிட்டது என் காதுல விழலன்னா? எல்லாரையும் வாயைக் கட்டி வச்சதே நான்தானே" என்றாள்.  அப்போது மகள் பின்னாலிருந்து, "சாப்பிட வாம்மா" என்று கூப்பிடுவது கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடமே பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதன் பிறகு வேறு ஊரில் கிடைத்த ஒரு வேலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள், விடுதியில் இருக்கிறாள். போகும்போது அக்கா பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள், பேருந்து நிலையம் வரை போனாள். ஏழுக்குப் பதினேழைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இருமல் முற்றியதால் அக்கா இப்போது மருத்துவ விடுப்பில் வீட்டில் இருக்கிறாள். இதற்குள் தையற்காரியின் கதை எல்லா வீடுகளுக்கும் போய்விட்டதால் துக்கம் விசாரிப்பது போல ஆளாளுக்குத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். வயசான காலத்தில் உனக்கு எதற்கு இந்தப் பரீட்சையெல்லாம் என்று ஆறுதலும் சொன்னார்கள். அக்கா கைபேசியின் வாயை அடைத்து எங்கேயாவது வைத்துவிடுகிறாள். அத்தானே சாயங்காலம் வந்து தேடித்தான் எடுக்கிறார்.

இன்றைக்கு, எனக்கு வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அக்கா மகள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள். தேர்வான மூன்று பேரில் ஒருவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அந்த இடத்துக்கு நாளைக் காலை செய்முறையை மறுபடி வைக்கிறார் மேடம். எழுத்தில் தேறி வராமல் போனவர்கள் வரலாம். வருகிறோம் என்று இன்று அலுவலகம் மூடுவதற்குள் அவர்களே வாயால் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் கையில் கைபேசி இருக்காது என்பதால் அக்கா விண்ணப்பத்தில் மகளின் எண்ணைக் கொடுத்திருந்தாள். அதனால் செய்தி அங்கே போயிருக்கிறது.

"அம்மா எடுக்கவே மாட்டேங்குறாங்க சித்தி. அப்பா வண்டியில இருக்காரு, அவரும் எடுக்கல. பக்கத்து வீடு பூட்டியிருக்கு. என் பேரைப் பாத்துத்தான் எடுக்கலையோ என்னவோ. நீங்க கூப்பிட்டா எடுப்பாங்க."

நான் கூப்பிட்டால் எடுப்பாள் என்பது உண்மைதான். இதுவரை எடுத்திருக்கிறாள். நேரத்தைக் கணக்குப் போட்டேன். அங்கே இப்போது மாலை ஆகிக்கொண்டிருக்கும், அலுவலகத்தில் மேசைகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருப்பார்கள். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் வார்த்தையிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், நலம் விசாரிக்கக் கூடாது, இல்லாவிட்டால் இவளும் ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள் என்று வைத்துவிடுவாள்.

முதல் தடவை மணி முழுவதும் போய் நின்றது. மாடிப்படிக்கு அடியில் இறங்கிவந்து மறுபடியும் கூப்பிட்டேன். போய்க்கொண்டிருக்கிறது. எடுக்கா, எடு. போய்க்கொண்டேயிருக்கிறது.